பெட்ரோல் தீந்துபோச்சுன்னா அப்புறம் என்ன? (பெங்களூர்ல இருக்கறவங்க வாங்க, சீரியஸா கேக்கறேன்)

சில்க்போர்டு_சித்தர்:
நேத்து ராத்திரி சில்க்போர்டு பாலத்துக்குக் கீழ 50 நிமிஷம் நின்னேன். ஸ்கூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ஆஃப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம், சுத்தியும் ஆயிரம் வண்டி ஒரு அடி நகராம நின்ன இடத்துலயே பெட்ரோல குடிச்சிட்டு இருக்கு. அப்பதான் தோணிச்சு, இது ஒரு நாள் தீந்துடும்ல? நான் ஸ்கூல் படிக்கறப்போ இன்னும் 30, 40 வருஷத்துல தீந்துடும்னு சொல்லிக்குடுத்தாங்க, அத படிச்சே 25 வருஷம் ஆச்சு, அப்போ பாக்கி எவ்ளோ? தீந்தப்புறம் வண்டி, கரண்ட், சமையல் கேஸ் எல்லாம் என்ன ஆகும்? விஷயம் தெரிஞ்சவங்க எழுதுங்க. "எல்லாம் எலக்ட்ரிக் ஆயிடும் ப்ரோ"ன்னு ஒரே வரில முடிக்காதீங்க.

கோரமங்களா_கோழி:
எல்லாம் எலக்ட்ரிக் ஆயிடும் ப்ரோ

சில்க்போர்டு_சித்தர்:
வாழ்க வளமுடன்.

கணக்குப்புள்ள:
சித்தரே, மொதல்ல ஒரு குழப்பத்த எடுத்துடறேன். பெட்ரோல் தீந்தா கரண்ட் போயிடும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. நம்ம ஊர்ல கரண்ட்டுக்கும் எண்ணெய்க்கும் பெருசா சம்பந்தம் இல்ல, ஓடற கரண்ட்ல முக்கால்வாசி நிலக்கரில இருந்து வருது. எண்ணெய் போறது லாரி, பஸ், விமானம், கப்பல், அப்புறம் பிளாஸ்டிக்குக்கு. அதுலயும் நாம வாங்கற கச்சா எண்ணெய்ல 85 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டு சரக்கு. 1974ல பாம்பே ஹை கண்டுபிடிச்சப்போ இனி கவலையே இல்லன்னு கொண்டாடினாங்க, அத வெச்சு இன்னைக்கு நம்ம பசிக்கு ஒரு மூலைதான் நெறையும்.

ஸ்கூல்ல சொன்ன 30 வருஷம், அது ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. கையிருப்புன்னு கணக்கு காட்டியிருக்கறத ஒரு வருஷ செலவால வகுக்கணும், அவ்ளோதான். 1980ல அப்படி வகுத்தா 30 வந்துச்சு. 40 வருஷம் கழிச்சு மறுபடி வகுத்தா 50 பக்கம் வருது. செலவு பண்ண பண்ண பாக்கி கூடற ஒரே பேங்க் அக்கவுண்ட் உலகத்துல இதுதான். கையிருப்புன்னா பூமிக்குள்ள இருக்கற மொத்தம்னு அர்த்தம் இல்ல, இன்னைக்கு விலைக்கு, இன்னைக்கு மெஷின வெச்சு எடுத்தா கட்டுப்படியாகற அளவு மட்டும்தான். விலை ஏறினா கையிருப்பும் தானா ஏறும்.

கோரமங்களா_கோழி:
அப்ப தீரவே தீராதுங்கறீங்களா, ஜாலி

மாரிக்குப்பம்_பாசஞ்சர்:
தம்பிங்களா, இத நான் சொன்னாதான் சரியா இருக்கும், நான் கேஜிஎஃப்காரன், கோலார் தங்கவயல். தெனம் ரயில்ல பெங்களூர் வந்து போற ஆளு, ஒரு பக்கத்துக்கே ரெண்டு மணி நேரம் ஆவுது, அதான் இவ்ளோ டைப் பண்ண டைம் கெடைக்குது.

எங்க தாத்தாவும் சாம்பியன் ரீஃப், எங்கப்பாவும் சாம்பியன் ரீஃப். பூமிக்கு அடியில 3 கிலோமீட்டருக்கு மேல போன சுரங்கம் அது. ஒரே கேஜ்ல, அதான் சுரங்க லிஃப்ட்ல, நேரா எறங்கிட முடியாது, ஒண்ணுல எறங்கி நடந்து இன்னொண்ணுல ஏறி எறங்கணும். அடியில பாறைய தொட்டா சுடும், மேல இருந்து குளுந்த காத்த அனுப்பிகினே இருக்கணும், தண்ணிய எறச்சுகினே இருக்கணும், ஒரு நிமிஷம் பம்ப் நிக்கக்கூடாது. ராக் பர்ஸ்ட், அதான் அடியில பாறை வெடிச்சு செதறறது, வந்தா மேல தொழிலாளிங்க இருந்த லைன் வீட்ல தட்டுமுட்டு சாமான் எல்லாம் ஆடும், பொம்பளைங்க வெளிய ஓடி வந்து சுரங்கத்துக்கு எறங்கற சாஃப்ட் பக்கம் பாத்துகினு நிப்பாங்க.

ஆரம்பத்துல ஒரு டன் கல்ல ஒடச்சா 40 கிராமுக்கு மேல தங்கம் வந்துச்சாம். கடைசி காலத்துல அதே ஒரு டன்னுக்கு 3 கிராம் பக்கம். கல்லு அதே டன்னுதான், ஆனா இப்ப மூணு கிலோமீட்டர் கீழ இருந்து தூக்கணும். 2001 பிப்ரவரி 28, கேட்ட மூடிட்டாங்க. நல்லா கேட்டுக்கோங்க, தங்கம் தீந்து மூடல. தங்கம் இன்னைக்கும் கீழ கெடக்குது. எடுக்கற செலவு விக்கற விலைய தாண்டி எவ்வளவோ வருஷம் ஆயிடுச்சு, அதனால மூடினாங்க.

எண்ணெயும் அப்படித்தான் போவும். ஒரு நாள் காலையில எழுந்து பாத்தா டேங்க் காலி அப்படின்றது நடக்காது. தீராது, கட்டுப்படியாவாது.

சில்க்போர்டு_சித்தர்:
அண்ணே புல்லரிச்சிடுச்சு. தீராது கட்டுப்படியாகாதுன்னு எழுதி ஹெல்மெட்ல ஒட்டிக்கப் போறேன்.

கணக்குப்புள்ள:
அண்ணே மரியாதையோட ஒரு சண்டை. 2001ல தங்கம் அவுன்ஸ் 270 டாலர் பக்கம், அதனால மூடினாங்க. அப்புறம் விலை எங்கயோ போயிடுச்சு, இப்ப உங்க ஊர் சயனைடு மேட்டுல (தங்கம் பிரிச்சப்புறம் கொட்டின கழிவு மண்ணு) இருந்தே மறுபடி தங்கம் எடுக்கலாம்னு பேச்சு நடக்குது. அப்ப விலைதானே எல்லாம்? ஹப்பர்ட்னு ஒரு புவியியல்காரர் 1956லயே சொன்னாரு, அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970 வாக்குல உச்சிக்கு போயி அப்புறம் எறங்கும்னு. சொன்ன மாதிரியே 1970ல எறங்க ஆரம்பிச்சுது, எல்லாரும் அவர தீர்க்கதரிசின்னாங்க. அப்புறம் ஷேல் பாறைய ஒடச்சு எண்ணெய் எடுக்க கத்துக்கிட்டாங்க, இப்ப அதே அமெரிக்கா 1970 உச்சத்தையும் தாண்டி எடுக்குது. தீர்க்கதரிசி கணக்குல மெஷின் இல்ல.

மாரிக்குப்பம்_பாசஞ்சர்:
சண்டை போடு தம்பி, பாங்கார்பேட்டை வரைக்கும் டைம் இருக்குது.

தங்கத்துக்கும் எண்ணெய்க்கும் ஒரு வித்தியாசம் இருக்குது பாரு. தங்கம் தோண்ட தங்கம் செலவாவாது. கரண்ட்தான் செலவாவும். அதனால தங்கம் விலை பத்து மடங்கு ஏறினா மறுபடியும் தோண்டலாம், லாபம். எண்ணெய் எடுக்கறதுக்கோ எண்ணெயே வேணும், ரிக் ஓட, லாரி ஓட, பைப் செய்ய, அத சுத்தம் பண்ண. மொத மொத எடுத்த கெணத்துல எல்லாம் ஓட்டைய போட்டா தானா பீச்சிகினு வந்துச்சு. இப்ப கடலுக்கு அடியில கிலோமீட்டர் கணக்குல போறாங்க, கனடாவுல மணல வெந்நீர்ல வேக வெச்சு எடுக்கறாங்க. ஒரு லிட்டர் எடுக்க ஒரு லிட்டர் எரிக்கற நெலம வந்துச்சுன்னா விலை ஆயிரம் ரூபா ஆனாலும் பிரயோஜனம் இல்ல. விலை ஏறினா உன் செலவும் கூடவே ஏறிகினு வரும்ல?

கணக்குப்புள்ள:
இது பாயிண்ட். ஒத்துக்கறேன். ஆனா அந்த நெலமைக்கு வர்றதுக்கு முன்னாடியே வேற ஒண்ணு மலிவா வந்துடும்னு நெனைக்கறேன், அத அப்புறம் பேசலாம்.

தோரியம்_தம்பி:
வேற ஒண்ணு நம்ம வீட்டு வாசல்லயே இருக்கு, யாரும் கண்டுக்க மாட்டேங்கறீங்க. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணல்ல மோனசைட்னு ஒரு தாது இருக்கு, மோனசைட்ல தோரியம்ன்ற அணு எரிபொருள் இருக்கு. ஹோமி பாபா 1950கள்லயே மூணு கட்டமா திட்டம் போட்டுட்டாரு, யுரேனியம், அப்புறம் ஈனுலை (எரிக்கறத விட அதிகமா எரிபொருள் உண்டாக்கற உலை), அப்புறம் தோரியம். அது வந்துட்டா நூத்துக்கணக்கான வருஷத்துக்கு கவலையே இல்ல.

கணக்குப்புள்ள:
தம்பி, தோரியம் தானா எரியாது, அத உலைக்குள்ள போட்டு யுரேனியம்-233 ஆ மாத்தணும், அதுக்கு ரெண்டாவது கட்டம் ஓடணும். ரெண்டாவது கட்டத்துக்கான கல்பாக்கம் ஈனுலை, 500 மெகாவாட், 2004ல கட்ட ஆரம்பிச்சாங்க. உலையோட மையத்த (கோர்) நிரப்ப ஆரம்பிச்சதே 2024 மார்ச்ல. நடுவுல ஒரு கொழந்த பொறந்து காலேஜ் போயிடுச்சு. நான் எதிர்க்கல, கூடங்குளத்துல ரெண்டு ஆயிரம் மெகாவாட் உலை ராப்பகலா ஓடுது, அது பெரிய விஷயம். ஆனா 2040க்கு தோரியத்த நம்பி வண்டி வாங்காத.

தோரியம்_தம்பி:
ஃப்யூஷன் (அணுக்கருவ ஒண்ணா சேத்து சக்தி எடுக்கறது)?

கணக்குப்புள்ள:
2022 டிசம்பர்ல அமெரிக்காவுல லேசர வெச்சு 2.05 மெகாஜூல் குடுத்து 3.15 வாங்கினாங்க, பேப்பர்ல தலைப்புச் செய்தி. அந்த லேசர தயார் பண்ண சுவத்து பிளக்ல இருந்து இழுத்தது கிட்டத்தட்ட 300 மெகாஜூல். இன்னும் தூரம் இருக்கு.

கோரமங்களா_கோழி:
1996ல நம்மாளு மூலிகை பெட்ரோல் கண்டுபுடிச்சாரே அத வளர விட்டிருந்தா

கணக்குப்புள்ள:
வந்துட்டான்யா. மூலிகை பெட்ரோல் இல்லாம தமிழன் எரிபொருள் பேச்சு முடிஞ்சதா சரித்திரமே இல்ல. இலைய போட்டு கொதிக்க வெச்சா தண்ணி பெட்ரோல் ஆகாது, ஆராய்ச்சியாளருங்க கிட்ட போனப்போ அது நிக்கல, அவ்ளோதான் கதை.

ஹொரமாவு_அக்கா:
மூலிகைய விடுங்க, காட்டாமணக்கு ஞாபகம் இருக்கா யாருக்காச்சும்? எங்க பெரியப்பா திருவண்ணாமலை பக்கம் ரெண்டு ஏக்கர் போட்டாரு. தரிசுல வளரும், தண்ணி வேணாம், ஆடு மாடு மேயாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. 2009ல டில்லில பாலிசியே போட்டாங்க, 2017க்குள்ள 20 சதவீதம் உயிரி எரிபொருள்னு. ஆடு மாடு மேயாதது மட்டும்தான் உண்மையாச்சு. தண்ணி இல்லாம செடி நின்னுச்சு, காய் வெக்கல. கடைசியில பெரியப்பா ஜேசிபி வெச்சு புடுங்கினாரு, ஜேசிபிக்கு டீசல் கைக்காசு.

இப்ப எத்தனால். பெட்ரோல்ல 20 சதவீதம் கலந்துட்டாங்க. கரும்புல இருந்தும் அரிசி மக்காச்சோளத்துல இருந்தும் வருது. மண்டியாவுல கரும்பு எந்தத் தண்ணில வளருதுன்னு நான் சொல்லணுமா? காவிரி காவிரின்னு ரெண்டு ஊரும் அடிச்சுக்கறோம், அதே தண்ணிய பைக் டேங்க்ல ஊத்திக்கிட்டு.

சரி நான் வந்தது சமையல் கேஸ் பத்தி பேச. நாம எரிக்கற சிலிண்டர் கேஸ்ல பாதிக்கு மேல கப்பல்ல வருது. போன வருஷம் வீட்ல இண்டக்ஷன் வாங்கினேன். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் செய்யற வேலைய இண்டக்ஷன் ஏறக்கொறைய 130, 140 யூனிட்ல செஞ்சிடுது, காச பாத்தா சரிக்கு சரி. ஆனா இங்க ஒரு வில்லங்கம். கர்நாடகா அரசோட கிரகஜோதி திட்டத்துல வீட்டுக் கரண்ட் மாசம் 200 யூனிட் வரைக்கும் ஃப்ரீ. இண்டக்ஷன் போட்ட மாசம் 214 வந்துச்சு. 200 தாண்டினா 14க்கு மட்டும் இல்ல, மொத்தத்துக்கும் கட்டணும். மாமியார் மூணு நாள் பேசல. இப்ப பால், டீ, குக்கர் மட்டும் இண்டக்ஷன், தோசையும் தாளிப்பும் கேஸ்ல. சப்பாத்தி உப்பறதுக்கு தணல் வேணும் சார், எந்த நிபுணரும் அத பத்தி எழுத மாட்டேங்கறாங்க.

சில்க்போர்டு_சித்தர்:
அக்கா செம்ம. மண்டியாவுலதான் பேட்டரிக்கு வேணுங்கற லித்தியமும் இருக்குன்னு படிச்சேன், உண்மையா?

கணக்குப்புள்ள:
மார்லகல்லானு ஒரு எடம், 1,600 டன்னு சொல்லியிருக்காங்க. சின்ன அளவு, அதுவும் பாறைக்குள்ள. அத வெச்சு வெள்ளரிக்கா கூட வாங்க முடியாது, இப்போதைக்கு மறந்துடு.

டிஜி_ரூம்:
நான் வர்த்தூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல மெயின்டனன்ஸ் பாக்கறேன், 200 வீட்டுக்கு மேல. பேர் வேணாம், வேலை போயிடும். எலக்ட்ரிக் ஆயிடும் எலக்ட்ரிக் ஆயிடும்னு சொல்றீங்கள்ல, என் லாக் புக்க ஒரு நாள் பாருங்க.

எங்க ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு மூணு, மூணேகால் யூனிட் குடுக்கும், லோடு நல்லா இருந்தா. டீசல் 90 ரூபா, அப்ப யூனிட் 28 ரூபா ஆச்சுங்களா. ஒரு மே மாசம் சாயங்காலம், மழ அடிச்சு கரண்ட் போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு, டீசல் லெவல் வேகமா எறங்குது, எனக்கு புரியல, ஏசி எல்லாம் டிஜில (டீசல் ஜெனரேட்டர்) கட் பண்ணித்தான் வெச்சிருக்கேன். டார்ச் எடுத்துட்டு பேஸ்மென்ட் 2க்கு எறங்கிப் பாக்கறேன், பதினோரு கார் வரிசையா நின்னு பச்சை லைட் மினுக் மினுக்குன்னு சார்ஜ் ஏறிட்டு இருக்கு. பக்கத்து ரூம்ல டீசல் இன்ஜின் கத்துது, வெளிய புகை போகுது, இங்க "ஜீரோ எமிஷன்"னு ஸ்டிக்கர் ஒட்டின கார் அந்த டீசல குடிச்சிட்டு இருக்கு.

கணக்கு போட்டுப் பாத்தேன், மூணேகால் யூனிட்ல அந்த காரு 20 கிலோமீட்டர் போகும். டீசல் காருலயே நேரா ஊத்தியிருந்தாலும் அதே 20தான்.

மறுநாளே சார்ஜிங் பாயிண்ட் எல்லாத்தையும் டிஜி லைன்ல இருந்து கழட்டிட்டேன். ஏஜிஎம்ல, அதான் அபார்ட்மென்ட் வருஷக் கூட்டத்துல, ஒரு அங்கிள் நான் பூமிக்கு துரோகம் பண்றேன்னாரு. எனக்கு பூமி தெரியாது சார், டீசல் பில் தெரியும்.

கோரமங்களா_கோழி:
😂😂 இந்த இழையிலயே இதான் பெஸ்ட்

கணக்குப்புள்ள:
டிஜி அண்ணே சொன்னது வருஷத்துல சில மணி நேரத்துக்குத்தான் பொருந்தும், அத வெச்சு மொத்தமா தள்ளிடாதீங்க. நிலக்கரி கரண்ட்ல ஓடினாலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் 3 யூனிட்ல 100 கிலோமீட்டர் போகுது, 20 ரூபா ஆகுமா. பெட்ரோல் ஸ்கூட்டர்ல 100 கிலோமீட்டருக்கு ரெண்டு லிட்டருக்கு மேல, 200 ரூபா. பெட்ரோல் இன்ஜின் நீங்க ஊத்தறதுல முக்கால்வாசிய சூடா காத்துல விடுது, சித்தர் சில்க்போர்டுல நின்னப்போ முழுசையுமே விட்டாரு. அதனால ஸ்கூட்டர் ஆட்டோ சிட்டி பஸ் இதெல்லாம் எலக்ட்ரிக் ஆகறத பத்தி எனக்கு சந்தேகமே இல்ல. மாட்டிக்கிட்டு நிக்கறது விமானமும் கப்பலும். விமான எரிபொருள் கிலோவுக்கு 12 யூனிட் பக்கம், நல்ல பேட்டரி கிலோவுக்கு கால் யூனிட். பேட்டரிய வெச்சு தேவனஹள்ளில இருந்து துபாய் கெளம்ப முடியாது, ரன்வேய விட்டு எந்திரிக்காது.

ஹைட்ரஜன்னு சொல்வாங்க. ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் குடுக்கணும், திருப்பி அதுல 33 யூனிட்தான் இருக்கு, அத மறுபடி கரண்ட் ஆக்கினா இன்னும் பாதி போயிடும். ஸ்கூட்டருக்கு ஹைட்ரஜன்றது கொசு அடிக்க பீரங்கி. உரத் தொழிற்சாலைக்கும் இரும்பு உலைக்கும் வேணா அர்த்தம் இருக்கு. யூரியாவே இன்னைக்கு இயற்கை எரிவாயுல இருந்துதான் வருது, அது நின்னா சோறு நிக்கும், அதுதான் நெஜமாவே பயப்பட வேண்டிய எடம். அப்புறம் ரோட்டுக்கு தார், அதுவும் கச்சா எண்ணெயோட கடைசி வண்டல்தான்.

ஹொரமாவு_அக்கா:
எங்க ஏரியா ரோட்டப் பாத்தா தார் ஏற்கெனவே தீந்து பத்து வருஷம் ஆன மாதிரிதான் இருக்கு.

பாவகடா_செல்வம்:
லேட்டா வர்றேன், சைட்ல நெட் சுமார்தான். துமகூரு மாவட்டம் பாவகடா சோலார் பார்க்ல வேலை, சொந்த ஊர் விருதுநகர் பக்கம், ரெண்டு ஊருக்கும் வெயில்ல வித்தியாசமே இல்ல. 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். மத்தியானம் ஒரு மணிக்கு மேட்டுல ஏறிப் பாத்தா ஏரி மாதிரி நீலமா கெடக்கும், வெளியூர்க்காரன் தண்ணின்னே நெனைப்பான். மழையே பெய்யாத ஊருக்கு ஆண்டவன் காட்டற கிண்டல்.

ஆனா சாயங்காலம் அஞ்சரை ஆனதும் ஸ்கிரீன்ல நம்பர் சரசரன்னு எறங்கும். ஆறரைக்கு இன்வெர்ட்டர் ரூம்ல அந்த ஹம் சத்தம் நின்னுடும், காது அடைச்ச மாதிரி ஆயிடும். கரெக்டா அந்த நேரத்துக்குத்தான் பெங்களூர்ல நீங்க எல்லாம் வீட்டுக்கு வந்து லைட் போட்டு கீசர் போட்டு கார சார்ஜ்ல சொருகறீங்க. அந்த நாலு மணி நேரந்தான் பிரச்சனையே. பகல்ல எடுத்தத ராத்திரிக்கு எங்க வெக்கறது?

ஒரு வழி தண்ணி. பகல்ல மிச்ச கரண்ட்ல தண்ணிய மேல் அணைக்கு ஏத்தி ராத்திரி கீழ விடறது. நம்ம கோயம்புத்தூர் மாவட்டம் காடம்பாறைல 1987ல இருந்தே இருக்கு, 400 மெகாவாட், மலைக்குள்ள கொடஞ்சு வெச்சிருக்காங்க. இங்க கர்நாடகாவுல ஷராவதில 2,000 மெகாவாட்டுக்கு திட்டம் போட்டிருக்காங்க, அது சிங்கவால் குரங்கு இருக்கற காடு, சண்டை போயிட்டு இருக்கு. பேட்டரி விலை எறங்கிட்டு வருது, அது ஜெயிச்சா குரங்குக்கும் நல்லது.

இன்னொண்ணு. இந்த பார்க்ல நெலத்த விலைக்கு வாங்கல, குத்தகை. ஏக்கருக்கு வருஷம் 21,000ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ 5 சதவீதம் ஏறும். நெலக்கடலைல நஷ்டம் பாத்த விவசாயிக்கு அது பெரிய விஷயம், வீடு கட்டியிருக்காங்க, பொண்ணு கல்யாணம் பண்ணியிருக்காங்க. ஆனா அந்த கடலைய பிடுங்க கூலிக்குப் போனவங்க இருக்காங்க பாருங்க, அவங்களுக்கு ஏக்கரும் இல்ல குத்தகையும் இல்ல. பேனல் தொடைக்கற வேலை கொஞ்ச பேருக்குத்தான். மத்தவங்க பெங்களூர்ல ஃபேக்டரிங்க இருக்கற பீன்யா பக்கம் பஸ் ஏறிட்டாங்க.

மாரிக்குப்பம்_பாசஞ்சர்:
செல்வம் தம்பி, கடைசியா எழுதின அத நாலு தடவ படிச்சன்.

கேட்டு மூடினப்போ எங்களுக்கும் அதான். கம்பெனிக்கு ஒரு கணக்கு, கவர்மெண்டுக்கு ஒரு கணக்கு, லைன் வீட்ல இருந்தவனுக்கு எந்தக் கணக்கும் இல்ல. பம்ப நிறுத்தினாங்க, சாஃப்ட்ல தண்ணி ஏறிடுச்சு. ஆஸ்பத்திரி போச்சு. ஆம்பளைங்க பெங்களூர் ரயிலுக்கு காலையில இருட்டுல நிக்க ஆரம்பிச்சாங்க, நானும் அதுல ஒருத்தன், இன்னிக்கும் நிக்கறன்.

இன்னொரு சங்கதி சொல்றன். 1902ல சிவசமுத்திரத்துல நீர்மின்சாரம் எடுத்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மொதல்ல குடுத்தது எங்க சுரங்கத்துக்கு. பெங்களூர் தெருவிளக்குக்கு வந்தது 1905லதான். அதுக்கு முன்ன சுரங்கத்துல எல்லாம் ஸ்டீம் இன்ஜின். நிலக்கரி தீந்துபோச்சுன்னா மாத்தினாங்க? இல்ல, கரண்ட் மலிவா வந்துச்சு, மாத்தினாங்க. பாய்லர்ல கரி அள்ளிப் போட்டவன் என்ன ஆனான்னு மட்டும் எந்த புக்குலயும் இல்ல, நான் தேடிப் பாத்தன்.

அதனால எனக்கு எண்ணெய்க்கு அப்புறம் என்னன்னு பெரிய பயம் இல்ல, ஏதோ ஒண்ணு வரும், வந்துகினு இருக்குது. பெட்ரோல் பங்க்ல நிக்கற பையன், தெருமுனை மெக்கானிக், டேங்கர் ஓட்டறவன், கல்ஃபுல பைப் வெல்டிங் பண்ணி வீட்டுக்கு காசு அனுப்பற நம்மாளு, இவங்களத்தான் நெனச்சுகினு இருக்கேன். நார்வேல புதுசா விக்கற காருல பத்துக்கு ஒம்போது எலக்ட்ரிக்காம், அவன் தன் எண்ணெய ஊருக்கெல்லாம் வித்து அந்த காச பத்திரமா எடுத்து வெச்சிகினு மாறிட்டான். எங்க ஊர்ல 120 வருஷத்துல 800 டன் தங்கம் எடுத்தாங்க, ஒரு குண்டுமணி எடுத்து வெக்கல.

ரெண்டாவது பையன் இப்ப ஓசூர்ல பேட்டரி கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கான். நிரந்தரம் பண்ணுவாங்களான்னு கேட்டா சிரிக்கறான். பாங்கார்பேட்டை வந்துருச்சு, இதுக்கப்புறம் சிக்னல் விட்டு விட்டு வரும்.

கணக்குப்புள்ள:
அண்ணே, அந்த பாய்லர் ஆளுங்க விஷயம் நான் யோசிச்சதே இல்ல.

தோரியம்_தம்பி:
என் மாமா குவைத்ல இருக்காரு. வெல்டர்தான். நேத்து போன்ல இத பத்தி கேட்டேன், இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டிட்டா போதும்டா அப்படின்னாரு. பத்து வருஷம் முன்னாடியும் அதையேதான் சொன்னாரு.

சில்க்போர்டு_சித்தர்:
எல்லாருக்கும் நன்றி, ஒரு வாரமா இத படிச்சிட்டே ஆபீஸ் போயிட்டு வர்றேன். நேத்து மெக்கானிக் கிட்ட வண்டி விட்டேன், மடிவாளாவுல பதினஞ்சு வருஷமா அவர்தான், கார்புரேட்டர கழட்டி வெச்சுக்கிட்டே "சார் நீங்களும் பேட்டரி வண்டிக்கு போயிடுவீங்களா"ன்னாரு. பதில் சொல்ல வாய் வரல, டீ சொல்லிட்டு உக்காந்துட்டேன். ஆனா உண்மைய சொல்லணும்னா அடுத்த வண்டி எலக்ட்ரிக்தான், பெட்ரோலுக்கு மாசம் நாலாயிரம் போகுது.

டிஜி அண்ணே உங்கள ஒண்ணு கேக்கணும். எங்களுது சின்ன பில்டிங், 12 வீடு, ஸ்டில்ட் பார்க்கிங். ஓனர் சார்ஜிங் பாயிண்ட் போட விட மாட்டேங்கறாரு, தீப்பிடிச்சா யார் பொறுப்புன்றாரு. என்ன பண்ண?

டிஜி_ரூம்:
உங்க வீட்டு மீட்டர்ல இருந்தே தனி லைன் இழுங்க, காமன் மீட்டர்ல கை வெக்காதீங்க, பாதி சண்டை அங்கயே முடிஞ்சிடும். ஸ்கூட்டருக்கு 15 ஆம்ப் பாயிண்ட் போதும், தனி எம்சிபி (லோடு அதிகமானா தானா கட் ஆகற சுவிட்ச்), எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (கரண்ட் கசிஞ்சா கட் பண்றது), நல்ல எர்த்திங் இது மூணும் கண்டிப்பா. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேணவே வேணாம், நான் பாத்த எரிஞ்ச பிளக் எல்லாம் அதுதான். மொதல்ல மீட்டர் போர்டையும் உங்க பார்க்கிங்கையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, நடுவுல எத்தன மீட்டர் கேபிள்னு பாத்துட்டு சொல்றேன். ஞாயித்துக்கெழம எனக்கு லீவு.